3.7 டெராபைட் ஈரக்காற்றுக்கு ஒரு கணினி

இந்திய வானிலை ஆய்வுத் துறை தரும் கட்ட மழைத் தரவு மிகச் சிறியது. நாடு முழுவதையும் 0.25 பாகைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு எண் என்று போட்டால் 135க்கு 129 கட்டங்கள். ஒரு வருடத்துத் தரவு சுமார் 25 எம்பிதான். 1901 முதல் இன்றுவரை எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு பழைய பென் டிரைவில் அடங்கிவிடும். வளிமண்டல அறிவியலில் ஆய்வு செய்யும் என் தங்கை முதலில் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப் போதுமானதாக இருந்தது.

எவ்வளவு மழை என்ற கேள்வி, அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியாக மாறியதும் லேப்டாப் படுத்துவிட்டது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. கொட்டியது. இப்படிப்பட்ட நாட்களில் கடலிலிருந்து கரைக்கு எவ்வளவு நீராவி, எந்தத் திசையில், எந்த உயரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டுமானால் காற்றை அடுக்கடுக்காகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு அடுக்கிலும் ஈரப்பதம், கிழக்கு மேற்காக வீசும் காற்று, வடக்கு தெற்காக வீசும் காற்று என்று மூன்று எண்கள். ஈரத்தையும் காற்றையும் பெருக்கி, தரையிலிருந்து மேலே வரை கூட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் தீர்ந்தது. பள்ளிக்கூடக் கணக்குதான்.

தரவுதான் பெரிது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈரா-5 (ERA5) என்ற மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய அளவீடுகளையும் வானிலை மாதிரியையும் சேர்த்து மறுபடி கட்டிய தரவு, உலகம் முழுவதற்கும், 1940 முதல், மணிக்கு மணி இருக்கிறது. எங்களுக்கு உலகம் முழுவதும் வேண்டாம். தெற்கே 20 பாகையிலிருந்து வடக்கே 40 வரை, கிழக்கே 40 முதல் 120 வரை என்று வெட்டினோம். அதுவே 241க்கு 321, அதாவது 77,361 புள்ளிகள். தரையருகே 1000 முதல் மேலே 300 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்தம் வரை 20 அடுக்குகள், மூன்று மாறிகள், 1979 முதல் 2023 வரை 45 வருடங்கள், மொத்தம் 3,94,464 மணி நேரங்கள். ஒவ்வொரு எண்ணையும் 16 பிட்டில் சுருக்கி வைத்தாலும் 3.7 டெராபைட். கணக்குப் போடும்போது அதை 32 பிட்டாக விரிக்க வேண்டும், அப்போது அது இரட்டிப்பாகும்.

அவள் இருக்கும் ஆய்வகத்தில் பொதுச் சர்வர் உண்டு. ஆனால் வரிசையில் நிற்க வேண்டும், சேமிப்பிடம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுப்பாடு. இணையம் வழியே கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுக்கலாம் என்றால், இந்த அளவுத் தரவை மாதக்கணக்கில் அங்கே வைத்திருக்கும் செலவும், திரும்ப இறக்கும் செலவும் ஒன்றரை வருடத்தில் சொந்தக் கணினியின் விலையைத் தொட்டுவிடும் போலிருந்தது. சரி, கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். வேலை என் தலையில் விழுந்தது. எதையாவது கழற்றி மாட்டுவது எனக்குப் பிடிக்கும் என்பதால் புகார் இல்லை.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்தோம், அதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். ஒரே ஒரு மாதத் தரவை எடுத்து லேப்டாப்பில் கணக்கை ஓடவிட்டு, நேரம் எங்கே போகிறது என்று பார்த்தோம். பெருக்கலும் கூட்டலும் எடுத்த நேரம் மொத்தத்தில் சொற்பம். மீதியெல்லாம் டிஸ்கிலிருந்து படிப்பது, சுருக்கத்தை அவிழ்ப்பது, 16 பிட்டை 32 ஆக்குவது, ரேமுக்குள் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்துவது. பிராசசர் பாதி நேரம் தரவு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஆகவே நாங்கள் வாங்க வேண்டியது வேகமாகக் கணக்குப் போடும் இயந்திரம் அல்ல, நிறையத் தரவை ஒரே நேரத்தில் சுமந்து நகர்த்தும் இயந்திரம். இந்த ஒரு அளவீடு மட்டும் கையில் இல்லையென்றால் கடைக்காரர் சொல்வதுதான் நமக்கு வேதம்.

சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அதுதான் நடக்கப் பார்த்தது. முதல் கடையில் பட்டியலை நீட்டியதும், "சார், கேமிங்கா, எடிட்டிங்கா?" என்றார்.

"ரெண்டும் இல்லண்ணே, மழைக் கணக்கு."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ நல்ல கிராபிக்ஸ் கார்டா போட்டுக்கலாம்" என்றார். அவர் மேல் தப்பில்லை, இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள். ஆனால் எங்கள் வேலைக்கு அது வீண். தரவு டிஸ்கிலிருந்து ரேமுக்கு வந்து, அங்கிருந்து கார்டுக்குப் போய், ஒரு நொடிகூட ஆகாத கணக்கை முடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். போக்குவரத்துச் செலவுதான் மிஞ்சும். இன்னொன்று, 64 பிட் துல்லியம் தேவைப்படும் கணக்குகளுக்கு விளையாட்டு ரக கார்டுகள் தோதுப்படாது. இப்போதைய ஜிஃபோர்ஸ் கார்டுகளில் 64 பிட் வேகம், 32 பிட் வேகத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான். நரம்பு வலைப்பின்னல் பயிற்சி, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைச் சேர்ப்பது போன்ற வேலை என்றால் கதையே வேறு. அங்கே பணத்தில் பெரும்பகுதி கார்டுக்குத்தான் போக வேண்டும்.

கார்டே வேண்டாம் என்று ஆனதும் பிராசசர் பேச்சு வந்தது. இங்கே நிஜமாகவே தயங்கினோம். ஏஎம்டியின் டெஸ்க்டாப் பிராசசரான ரைசன் 9 7950எக்ஸ் 16 கோர், வேகமும் அதிகம், கடையில் உடனே கிடைத்தது. சிக்கல் ரேமில். அதில் இரண்டே மெமரி சேனல், அதாவது பிராசசருக்கும் ரேமுக்கும் இடையே தரவு போய்வரும் பாதை. நான்கு ஸ்லாட்டிலும் பெரிய ரேம் குச்சிகளை நிரப்பினால் அதிகாரபூர்வ வேகம் டிடிஆர்5-3600க்கு இறங்கிவிடும். அப்போது கோட்பாட்டளவில் நொடிக்கு 57.6 ஜிபி. பழைய சர்வர் பிராசசரான எபிக் 7302பி 2019இல் வந்தது. அதுவும் 16 கோர்தான், கடிகார வேகம் அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். ஆனால் எட்டு மெமரி சேனல், டிடிஆர்4-3200இல் நொடிக்கு 204.8 ஜிபி, கார்டுகளையும் டிஸ்குகளையும் இணைக்கும் பிசிஐஇ 4.0 பாதைகள் 128. ஒரு தலைமுறை பழைய ரேம் என்பதால் நாங்கள் வாங்கியபோது விலையும் குறைவாக இருந்தது. செகண்ட் ஹேண்ட் சந்தையில் இந்தப் பிராசசர் புதிய ரைசனைவிட மலிவாகவே கிடைத்தது. மதர்போர்டுதான் விலை.

இதில் இழப்பும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஒரே கோரில் ஓடும் பைத்தான் நிரல் இந்த எபிக்கில் தங்கையின் லேப்டாப்பைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது. ஒரு சமயத்தில் கையாளும் தரவு நூறு ஜிபிக்குள் அடங்கும் என்றால் ரைசனையே வாங்குங்கள், மின்சாரமும் மிச்சம், சத்தமும் குறைவு.

செகண்ட் ஹேண்ட் எபிக் வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: இது பூட்டப்பட்டதா? சில பெரிய சர்வர் கம்பெனிகளின் போர்டில் ஒருமுறை ஓடிய பிராசசர், பாதுகாப்பு ஏற்பாடு காரணமாக, அந்தக் கம்பெனி போர்டோடு நிரந்தரமாகக் கட்டுப்பட்டுவிடும். உள்ளே ஃபியூஸ் போலப் பதிவாகிவிடுவதால் திருப்ப வழியே இல்லை. வேறு போர்டில் போட்டால் திரையே வராது. மலிவாக விற்கப்படுகிறவற்றில் இவை கணிசம். நாங்கள் விற்றவரிடம் வேறொரு பொதுப் போர்டில் அது பூட் ஆவதை வீடியோவில் காட்டச் சொல்லி, அதற்குப் பிறகே பணம் அனுப்பினோம்.

ரேம் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. சர்வர்களிலிருந்து கழற்றிய டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு ரேம் நாங்கள் வாங்கியபோது ரொம்ப மலிவாகக் கிடைத்தது. சாதாரண டெஸ்க்டாப் போர்டின் ஸ்லாட்டிலும் அழகாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. எபிக் போன்ற சர்வர் பிராசசருக்குத்தான் அது. எட்டு சேனலுக்கு எட்டுக் குச்சி, ஒவ்வொன்றும் 32 ஜிபி, மொத்தம் 256. எல்லாமே ஈசிசி, அதாவது ஒரு பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ரகம். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் எட்டு சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் குச்சிகள் ஏதாவது ஒரு பிழையைச் சந்தித்திருந்தன. நாள்கணக்கில் ஓடும் கணக்கில் ஒரு பிட் புரண்டால் கணினி நின்றுவிடாது, பேசாமல் ஒரு தப்பான எண்ணைத் தந்துவிட்டு மேலே போகும். ஒரு கட்டத்தில் திடீரென்று புயல் வேகக் காற்று தெரிந்தால் அது வானிலையா, ரேமா என்று யார் சொல்வது?

மாட்டும் வேலைக்கு வருகிறேன். எபிக்கின் சாக்கெட்டில் 4094 தொடுமுனைகள். பிராசசரை மேலே அழுத்திப் பிடிக்கும் சட்டத்துக்கு மூன்று திருகுகள், மேலேயே 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில்தான் இறுக்க வேண்டும், கழற்றும்போது 3, 2, 1. அளவான முறுக்கு விசை வேண்டும் என்பதால் அதற்கென்று டார்க் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அது கூடவே வராது.

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தது. சர்வர் போர்டுக்குப் புதியவர்கள் இங்கேதான் பயந்துபோய் எல்லாவற்றையும் கழற்ற ஆரம்பிப்பார்கள். வேண்டாம். போர்டில் இருக்கும் குட்டிக் கண்காணிப்புச் சில்லு முதலில் விழித்துக்கொள்ள வேண்டும், அப்புறம் எட்டுக் குச்சிகளையும் ஒவ்வொன்றாகப் பழக்கப்படுத்த வேண்டும். முதல் முறை சில நிமிடங்கள் ஆகும். டீ குடித்துவிட்டு வந்தால் படம் வந்திருக்கும்.

வந்தது. ஆனால் 256க்குப் பதில் 224 ஜிபி.

ஒரு குச்சியைக் காணோம். எந்த ஸ்லாட் என்று பயோஸ் காட்டியது. அந்தக் குச்சியைப் பக்கத்து ஸ்லாட்டுக்கும், அங்கே இருந்ததை இங்கேயும் மாற்றிப் போட்டேன். குச்சியோடு பிழை நகர்ந்திருந்தால் குச்சி கெட்டது என்று அர்த்தம். நகரவில்லை. அதே ஸ்லாட்தான் காலி என்றது. ஸ்லாட்டை ஊதி, பிரஷ்ஷால் துடைத்துப் பார்த்தும் அதேதான். அப்படியானால் மூன்றாவது சந்தேக நபர் பிராசசருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு. மெமரி சேனல்கள் பிராசசருக்குள்ளிருந்தே நேராக வருவதால், ஓரத்தில் கொஞ்சம் அழுத்தம் குறைந்தாலும் ஒரு சேனல் அப்படியே காணாமல் போகும். மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடும் என்பதுதான் இதில் ஏமாற்று.

கூலரைக் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் நடுவில் வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட்டைத் துடைத்து, பிராசசரை வெளியே எடுத்து, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துத் தொடுமுனைகளைப் பார்த்தேன். எதுவும் வளையவில்லை. பிராசசரின் அடிப்பக்கத்தில் பழைய பேஸ்ட்டின் மெல்லிய கறை ஒரு மூலையில் இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு நண்பரின் பட்டறையிலிருந்து டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கிவந்து 1, 2, 3 என்று இறுக்கினேன். இந்த முறை 256. கறையா, இறுக்கமா என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் சேர்த்தே சரிசெய்தேன். எட்டு சேனலும் வந்த பிறகு ஸ்ட்ரீம் என்ற மெமரி சோதனையை ஓட்டினால் கோட்பாட்டுக் கணக்கில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அதுவே ரைசனின் கோட்பாட்டு உச்சத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல். இரவு முழுக்க மெம்டெஸ்ட் என்ற ரேம் பிழைச் சோதனையை ஓடவிட்டோம், பிழை ஒன்றும் இல்லை.

அடுத்த தொல்லை சத்தம். சர்வர் போர்டுகள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் சின்ன ஃபேன்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நாங்கள் போட்டதோ வீட்டுக்கேற்ற பெரிய, மெதுவான ஃபேன்கள். அது மெதுவாகச் சுற்றும்போது, ஃபேன் செத்துவிட்டது என்று கண்காணிப்புச் சில்லு நினைத்துக்கொண்டு எல்லா ஃபேனையும் முழு வேகத்துக்குத் தூக்கும். வேகம் ஏறியதும், சரி உயிரோடுதான் இருக்கிறது என்று இறக்கும். மறுபடி பயம், மறுபடி முழு வேகம். "அண்ணா, கீழ வரைக்கும் கேக்குது, அம்மா என்னன்னு கேக்குறாங்க" என்றாள் தங்கை. மாற்று ஃபேன் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸிலிருந்தே அந்தச் சில்லுக்குக் கட்டளை கொடுத்து, குறைந்தபட்ச வேக எல்லையை இறக்கிவிடலாம். அந்தச் சில்லோடு பேசும் ஐபிஎம்ஐ கருவியில் ஒவ்வொரு ஃபேனுக்கும் ஒரு வரி. பயோஸில் இந்த வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், பெரும்பாலும் இருக்காது.

சர்வர் போர்டில் சாக்கெட்டின் திசை டெஸ்க்டாப் போர்டுக்கு 90 பாகை திரும்பி இருக்கலாம். எங்களுடையது அப்படி. கூலரின் காற்று கேபினெட்டின் பின்பக்கம் போகாமல் மேலே போனது. அதனால் மேல்பக்கம் ஃபேன் வைக்க இடமுள்ள கேபினெட்டாகப் பார்த்து வாங்கினோம். மாடி அறையில் மே மாதம் விசிறி போட்டாலும் வெப்பம் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்காது. பிராசசர் அதைத் தாங்கிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்குகளுக்குத்தான் அக்கறை வேண்டும். முன்பக்க ஃபேன் இரண்டும் நேராக டிஸ்குகள் மேல் காற்றடிக்கும்படி வைத்ததில் அவை 45 பாகைக்குள் நிற்கின்றன. முன்பக்க வலையில் தூசி படிவது மட்டும் தீராத கதை, மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது.

சேமிப்பை இரண்டாகப் பிரித்தோம். மூலத் தரவு நிரந்தரமாக இருக்க நான்கு 12 டெராபைட் ஹார்ட் டிஸ்க், இரண்டிரண்டாகக் கண்ணாடிப் பிரதி, அதாவது ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் இருக்கும். கையில் கிடைப்பது 24 டெராபைட். வேலை நடக்கும் இடம் தனி. நான்கு 2 டெராபைட் என்விஎம்இ, அதாவது வேகமான எஸ்எஸ்டி, ஒரே பிசிஐஇ கார்டில் செருகி, பயோஸில் அந்த 16 பாதை ஸ்லாட்டை நான்கு நான்காகப் பிரித்துவிட்டால் போதும். கார்டில் எந்தச் சில்லும் கிடையாது, வெறும் கம்பித் தடம்தான், அதனால் மலிவு. டெஸ்க்டாப் போர்டு எல்லாவற்றிலும் இந்தப் பிரிப்பு வசதி இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். நான்கையும் பிரதி எதுவும் இல்லாமல் ஒன்றாகக் கோத்திருக்கிறோம். ஒன்று போனால் மொத்தமும் போகும், போனால் போகட்டும், மூலம் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது.

என்விஎம்இ வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கு 7,000 எம்பி வேகத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது முதல் சில நூறு ஜிபிக்குத்தான். உள்ளே இருக்கும் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பியதும் வேகம் சரியும். ஒரு செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும் க்யூஎல்சி ரகத்தில் அது ஹார்ட் டிஸ்கைவிடவும் கீழே போகலாம். ஒரேயடியாக ஒரு டெராபைட் எழுதும் வேலை இது என்பதால் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி ரகத்தையே கேட்டு வாங்கினோம். ஹார்ட் டிஸ்கில் தேட வேண்டியது தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் ரகம். எஸ்எம்ஆரில் ஒரு தடத்தின் மேல் இன்னொரு தடம் ஓடு வேய்ந்தது போல ஏறியிருக்கும், தொடர்ந்து எழுதினால் மூச்சு வாங்கும். புதிதாக வாங்கினாலும் டிஸ்க் ஓடிய மணிக்கணக்கைப் பார்த்துவிடுங்கள். அதை மட்டும் நம்பிவிடவும் முடியாது, 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பயன்படுத்திய டிஸ்குகளின் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்ற விவகாரம் வெளியானது. 12 டெராபைட் டிஸ்கை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒருமுறை எழுதிப் பார்க்கவே 17 மணி நேரம் போல ஆகும். பொறுமையாகச் செய்துவிட்டு, அப்புறம் தரவை நம்பி ஒப்படைக்கலாம்.

கோப்பு முறைமை இசட்எஃப்எஸ். படித்த ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்துத் தருகிறது, பிரதியிலிருந்து தானே திருத்திக்கொள்கிறது. ஒரே ஒரு இடத்தில் கை வைக்க வேண்டும். லினக்ஸில் நாங்கள் போட்ட பதிப்பு வழக்கமாக ரேமில் பாதி வரை தன் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும். 256இல் 128. கேட்டால் திருப்பித் தரும்தான், ஆனால் மெதுவாகத் தரும். பைத்தான் திடீரென்று நூறு ஜிபி கேட்கும்போது அதற்குள் லினக்ஸ் பைத்தானைக் கொன்றுவிடும். 3.7 டெராபைட்டை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுப் போகிற வேலைக்குத் தற்காலிகச் சேமிப்பால் பெரிய லாபமும் இல்லை. 32 ஜிபி என்று உச்சவரம்பு வைத்துவிட்டோம்.

மின்சாரம். முழு வேகத்தில் ஓடும்போது சுவரிலிருந்து சுமார் 300 வாட் இழுக்கிறது. 650 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். நாளுக்கு 7.2 யூனிட். இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினால் 430 யூனிட்டுக்கு மேல், இலவச நூறு யூனிட்டெல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே கரைந்துவிடும். யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. 1,000 விஏ என்று எழுதியிருந்தாலும் நிஜத்தில் 600 வாட்தான் தாங்கும் ரகங்கள் உண்டு. அதைவிட முக்கியம் அலை வடிவம். இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில, படிக்கட்டு வடிவ மின்சாரத்தைத் தரும் மலிவு யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும். சுத்த சைன் அலை யூபிஎஸ்ஸே வாங்கினோம். அதோடு ஒரு யூஎஸ்பி ஒயர். பேட்டரி இறங்கினால் கணினி தானாகவே ஒழுங்காக அணைந்துகொள்ளும். மழைக்காலத்தில், ஆள் இல்லாத நேரத்தில், இது இல்லாமல் ஓட்டக்கூடாது.

கணினி தயாரானதும் தரவு வர ஆரம்பித்தது. ஈரா-5ஐ இணையத்தில் வினியோகிக்கும் கோபர்னிகஸ் என்ற ஐரோப்பியச் சேவையில், மாதத்துக்கு ஒரு மாறி என்று சின்னச் சின்னதாகக் கேட்டால்தான் சீக்கிரம் நகரும். ஒரு கோரிக்கைக்குச் சுமார் 2.3 ஜிபி, மொத்தம் 1,620 கோரிக்கைகள். சின்ன நிரல் ஒன்று எழுதி வரிசையில் போட்டாயிற்று. வீட்டு இணைப்பின் வேகம் பிரச்சினையாக இல்லை. "அன்லிமிடெட்" என்று சொல்லும் இணைப்புகளில் மாதம் 3.3 டெராபைட் என்று ஒரு வரம்பு வழக்கமாக ஒளிந்திருக்கும். எங்களுக்குத் தேவை 3.7. இரண்டு மாதமாகப் பிரித்து இறக்கினோம்.

இதற்குப் பிறகுதான் எல்லா ஹார்ட்வேரையும்விட அதிகப் பலன் தந்த வேலை வந்தது, அதற்கு ஒரு பைசா செலவில்லை. வந்த தரவு மணிக்கு ஒரு வரைபடமாக அடுக்கியிருந்தது, தினசரி காலண்டர் மாதிரி. ஒரு நாளைப் பார்க்க வேண்டுமானால் தாளைத் திருப்பினால் போதும். ஆனால் காயல்பட்டினம் என்ற ஒரு புள்ளியின் 45 வருட வரலாறு வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளையும் எடுத்து மூலையில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வைக்க வேண்டும், நாலு லட்சம் தாள்கள். ஒரு எண்ணுக்காக முழு வரைபடத்தையும் அவிழ்க்க வேண்டும். எந்தப் பிராசசராலும் இதைக் காப்பாற்ற முடியாது. அதனால் கணக்கின் முடிவை ஸார் (Zarr) என்ற கோப்பு வடிவத்தில், சில பாகைகள் அகலமும் மூன்று மாத நீளமும் கொண்ட துண்டுகளாக வெட்டி எழுதினோம். ஒவ்வொரு துண்டும் சில மெகாபைட். வரைபடமாகப் பார்ப்பது கொஞ்சம் மெதுவானது, காலவரிசையாகப் பார்ப்பது உடனடியாக நடக்கிறது.

இன்னொரு முடிச்சு: பதினாறு கோர் இருந்தும் முதலில் ஒன்றுதான் உழைத்தது. கோப்புகளைப் படிக்கும் எச்டிஎஃப்5 என்ற நிரல் நூலகத்துக்குள் ஒரே ஒரு பூட்டு இருக்கிறது. ஒரே நிரலின் பல இழைகள் (த்ரெட்) ஒரே சமயத்தில் படிக்கக் கேட்டாலும் ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடும். இழைகளுக்குப் பதில் தனித்தனிச் செயல்முறைகளாக (பிராசஸ்) ஓட்டினால் ஆளுக்கு ஒரு நூலகம், பூட்டுப் பிரச்சினை இல்லை. வேலையைப் பங்கிட்டுத் தரும் டாஸ்க் (Dask) என்ற பைத்தான் கருவியில் 16 செயல்முறை, ஒவ்வொன்றிலும் ஒரே இழை, ஆளுக்கு 12 ஜிபி வரம்பு. 192 ஆயிற்று, இசட்எஃப்எஸ்ஸுக்கு 32, மீதி லினக்ஸுக்கு. அதோடு பைத்தானில் எண் கணக்குப் போடும் நம்பை (NumPy) உள்ளே இருக்கும் கணித நூலகத்தையும் ஒரே இழை என்று கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் 16 பேரும் தனித்தனியாக 16 பேரைக் கூட்டிவருவார்கள்.

ஏற்கெனவே நெட்சிடிஎஃப் வடிவில் ஆய்வகத்தில் இருந்த பழைய ஈரா-5 கோப்புகள் சிலவற்றையும் சேர்த்தோம். அவற்றில் ஒவ்வொரு கோப்பும் தனக்கென்று ஒரு பெருக்கல் எண், ஒரு கூட்டல் எண் வைத்துக்கொண்டு 16 பிட்டில் சுருக்கப்பட்டிருந்தது. விரிக்காமல் அப்படியே ஒட்டினால் முதல் கோப்பின் எண்களை வைத்தே எல்லாவற்றையும் விரித்துவிடும், ஈரப்பதம் மாதத்துக்கு மாதம் படிக்கட்டாக ஏறி இறங்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும் அளவுக்கு மோசமாக இருந்தால் அதிர்ஷ்டம். முதலில் விரித்து, அப்புறம் ஒட்டுவதே வழி.

3.7 டெராபைட் உள்ளே போய் வெளியே வந்தது 244 ஜிபி. இருபது அடுக்கும் கூட்டப்பட்டு, மணிக்கு மணி, புள்ளிக்குப் புள்ளி, நீராவிப் போக்கின் இரண்டு திசைகள் மட்டும். நாளுக்கு ஒன்றாகச் சராசரி எடுத்தால் 10 ஜிபிதான். தங்கையின் அன்றாட வேலை முழுக்க இப்போது என்விஎம்இயில் இருக்கும் இந்த 244 ஜிபியில்தான் நடக்கிறது, பல நேரம் 10 ஜிபியை எடுத்துக்கொண்டு தன் லேப்டாப்புக்கே போய்விடுகிறாள். முடிவுகள் மட்டும் தினமும் இரவு ஒரு வெளி டிஸ்குக்கும் நகலாகின்றன.

1940 வரை பின்னால் போகலாமா என்று இப்போது கேட்கிறாள். 39 வருடங்கள், அதே கணக்கில் இன்னும் 3.2 டெராபைட். டிஸ்கில் இடம் இருக்கிறது, ஒரு மாத வரம்புக்குள்ளும் மயிரிழையில் அடங்கும். 1,404 கோரிக்கைகளைப் போன வாரம் வரிசையில் போட்டுவிட்டோம்.